தேனீயின் வயிற்றில் காந்தமா? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் நான்கு, காந்தத்தையும் பூச்சிகளையும் பற்றியே கேட்டிருந்தன. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த நான்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். குழித்துறையில் எங்கள் வீட்டுப் பின்புறம் இப்போதும் ஐந்து தேன்பெட்டிகள் இருக்கின்றன. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

கேள்வி: சார், நாற்பது வருடமாகத் தேன்பெட்டி வைத்திருக்கிறேன். தை பிறந்தால் பெட்டிகளை ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோவேன். ஒன்பதாவது படிக்கும் என் பேரன், “தாத்தா, தேனீ வயித்துக்குள்ள காந்தம் இருக்காம், அதை வச்சுதான் வழி கண்டுபிடிக்குதாம்” என்கிறான். சொன்னதோடு நிற்காமல், பழைய ஸ்பீக்கரைப் பிரித்து அதில் இருந்த வட்டக் காந்தத்தை ஒரு பெட்டியின் மூடிமேல் வைத்துவிட்டான். இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். அவன் சொல்வது உண்மையா? பெட்டிக்குக் கெடுதல் உண்டா?
– தேனீ வளர்ப்பவர், அருமனை

பதில்: அண்ணாச்சி, முதலில் காந்தத்தை எடுத்துவிடுங்கள். பேரனைத் திட்டாதீர்கள். அவன் சொன்னதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியில்தான் கவனம் வேண்டும்.

பெட்டியைப் பகலில் பத்தடி தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வெளியே போன தேனீயெல்லாம் திரும்பி வந்து, பெட்டி இல்லாத பழைய இடத்தையே சுற்றிச் சுற்றிப் பறக்கும். அதனால்தான் இருட்டிய பிறகு வாசலை அடைத்து, தூரமாய்க் கொண்டுபோய் வைக்கிறோம். அப்படியானால் தேனீ முதலில் நம்பியிருப்பது கண்ணை. பக்கத்து மரம், சுவர், பாறை எல்லாவற்றையும் அது மனதில் வாங்கி வைத்திருக்கிறது. தூரப் போகும்போது சூரியன் துணை. மேகம் மூடியிருந்தாலும், நீலமாகத் தெரிகிற வானத்துண்டு கொஞ்சம் இருந்தால் போதும். அந்த ஒளியின் அமைப்பை வைத்தே சூரியன் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரிந்துவிடும். இதையும், உணவு எந்தப் பக்கம் என்று மற்றத் தேனீக்களுக்குச் சொல்லத் தேனீ ஆடும் நடனத்தையும் கண்டு சொன்னவர் ஆஸ்திரிய விஞ்ஞானி கார்ல் வான் ஃப்ரிஷ். 1973-இல் நோபல் பரிசு பெற்றார்.

காந்தம் எங்கே வருகிறது என்றால், அந்த நடனத்தில்தான் முதலில் வந்தது. தேனீ இருட்டில், செங்குத்தாகத் தொங்கும் தேனடையின்மேல் ஆடுகிறது. நேர் மேலே பார்த்து ஆடினால் ‘சூரியன் இருக்கிற பக்கம் போ’ என்று பொருள். வலப்புறம் முப்பது டிகிரி சாய்ந்து ஆடினால், சூரியனுக்கு வலப்புறம் முப்பது டிகிரி. ஃப்ரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டாவரும் ஹெர்மன் மார்ட்டினும் இந்தக் கோணங்களை அளந்துகொண்டே இருந்தபோது ஒன்றைக் கண்டார்கள். தேனீக்கள் எப்போதும் சில டிகிரி பிசகி ஆடின. அந்தப் பிசகும் ஏனோதானோ என்று இல்லை, பொழுதுக்குப் பொழுது ஒரு ஒழுங்கில் மாறியது. பெட்டியைச் சுற்றிக் கம்பிச் சுருள் வைத்து, மின்சாரம் பாய்ச்சி, பூமியின் காந்தப் புலத்தை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிட்டுப் பார்த்தார்கள். பிசகு போய்விட்டது. சூரியனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த தேனீ, கூடவே பூமியின் காந்தத்தையும் உணர்ந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. இது 1960-களின் கடைசியில்.

அவர்களே செய்த இன்னொரு சோதனை உங்களுக்குப் பிடிக்கும். பிரிந்துபோன கூட்டத்தை மரப்பொந்திலிருந்து நீங்கள் எத்தனையோ தடவை எடுத்திருப்பீர்கள். உள்ளே மரச்சட்டம் கிடையாது, வெளிச்சம் கிடையாது, மேஸ்திரி கிடையாது. ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்குகின்றன. ஆனாலும் அடைகள் ஒன்றுக்கொன்று இணையாக வருகின்றன. எப்படி? ஒரு கூட்டத்தை எந்த அடையாளமும் இல்லாத உருண்டைப் பெட்டியில் விட்டபோது, தாய்ப்பெட்டியில் அடை எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் புது அடையைக் கட்டியது. வெளியே காந்தம் வைத்துப் புலத்தைத் திருப்பினால் அடையும் அந்த அளவுக்குத் திரும்பியது. இருட்டில் நடக்கிற வேலை இது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஆக, தேனீக்குக் காந்த உணர்வு உண்டு. அது எங்கே இருக்கிறது? 1978-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஜேம்ஸ் கூல்ட், ஜோசப் கிர்ஷ்விங்க், கென்னத் டெஃபீஸ் மூவரும் தேனீக்களை மிக நுட்பமான காந்தமானியில் வைத்து அளந்தார்கள். தேனீயின் உடலில் நிலையான காந்தத் தன்மை இருந்தது. வயிற்றின் முன்பகுதியில்தான் அது குவிந்திருந்தது. மேக்னடைட் என்கிற இரும்பு ஆக்சைடுத் துகள் என்று சொன்னார்கள். உங்கள் பேரன் படித்தது இதன் வழியாக வந்த செய்தியாகத்தான் இருக்கும்.

ஆனால் துகள் இருக்கிறது என்பது ஒரு சேதி, அதை வைத்துத் தேனீ வழி பார்க்கிறது என்பது வேறொரு சேதி. இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். மகரந்தத்தில் இரும்பு உண்டு. தின்ற இரும்பைத் தேனீ தன் வயிற்றுக் கொழுப்புத் திசுவில் சின்னச் சின்ன மணிகளாகச் சேர்த்து வைக்கிறது, வயதாக ஆக அது கூடுகிறது. 1982-இல் அந்த மணிகளை எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் இருந்தது மேக்னடைட் அல்ல, நீர் சேர்ந்த வேறு இரும்பு ஆக்சைடு. அரிசிப் பானை இருக்கிற இடமெல்லாம் அடுப்பு என்று சொல்ல முடியாது அல்லவா? 1994-இல் தைவானில் இரண்டு பேர் அந்த மணிகளுக்குள் மேக்னடைட்டும் உண்டு என்று எழுதினார்கள். மற்ற ஆய்வாளர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

கட்டுகிற கயிறு நடத்தைச் சோதனைகளில்தான் இருக்கிறது. ஹவாயில் மைக்கேல் வாக்கரும் பிட்டர்மேனும் தேனீக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கினார்கள்: காந்தப் புலம் மாறியிருக்கும் இடத்தில் தண்ணீர் கிடைக்கும், மற்ற இடத்தில் கிடைக்காது. தேனீக்கள் கற்றுக்கொண்டன. நம் ஊர்ப் பக்கம் பூமியின் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு). அந்தத் தேனீக்களில் சில, 25 நானோடெஸ்லா அளவு மாற்றத்தைக்கூடப் பிடித்தன. அப்புறம் தேனீயின் வயிற்று முன்பக்கம் காந்தமேறிய சின்னக் கம்பித் துண்டை ஒட்டினார்கள், பழகிய வித்தை போய்விட்டது. காந்தமேறாத செம்புக் கம்பியை ஒட்டியபோது போகவில்லை. 2017-இல் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில், இதேபோல் பழக்கிய தேனீக்களை வலுவான காந்தத்துக்குக் காட்டினார்கள். அவையும் காந்த உணர்வை இழந்தன. மேக்னடைட்டும் வயிற்றில்தான் கிடைத்தது, தலையிலும் மார்பிலும் இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் பேரன் பக்கம் தராசு சாய்கிறது. ஆனால் அந்தத் துகளைச் சுற்றி எந்த நரம்பு இருக்கிறது, துகள் அசைவதை மூளைக்கு எப்படிச் சொல்கிறது என்பதை இன்னும் யாரும் கண்ணால் காட்டவில்லை. அதைக் காட்டும்வரை நான் ‘இருக்கலாம்’ என்றுதான் எழுதுவேன்.

வேறொரு கருத்தும் உண்டு. கிரிப்டோகுரோம் என்று கண்ணில் ஒரு புரதம். வெளிச்சம் பட்டால் அதில் நடக்கும் வேதிமாற்றம் காந்தப் புலத்தால் கூடவோ குறையவோ செய்யும் என்பது. பறவைகளுக்கு இது பொருந்தும் என்று பலர் நம்புகிறார்கள். அதற்கு வெளிச்சம் வேண்டும். அடை கட்டும் தேனீ இருட்டில் அல்லவா வேலை செய்கிறது! தேனீயைப் பொறுத்தவரை நான் துகள் பக்கம் சாய்வதற்கு இதுதான் காரணம்.

இனி உங்கள் பெட்டி. ஸ்பீக்கர் காந்தத்தின் புலம் தூரம் கூடக்கூட வேகமாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. மூடிக்குக் கீழே இரண்டு விரற்கடை தூரத்தில் அது பூமியின் புலத்தைப் போலப் பல மடங்கு இருந்திருக்கும். மேய்ச்சலுக்குப் போய்வருவதில் பெரிய குழப்பம் வந்திருக்காது. சூரியனும் மரமும் அப்படியே இருக்கின்றனவே. புது அடை கட்டும் காலமாக இருந்தால் கோணலாக இழுத்திருக்கலாம், சட்டத்தை ஒருதடவை தூக்கிப் பாருங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள். நான் மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் மேலை நாட்டுத் தேனீயை வைத்துச் செய்தவை. நம் பெட்டியில் இருப்பது அடுக்குத் தேனீ, வேறு இனம். 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையம் தேன்பெட்டியைக் குடிசைத் தொழிலாக்கியதிலிருந்து நம் மாவட்டம் இந்தத் தேனீயோடு நூறு வருடம் வாழ்ந்திருக்கிறது. உருண்டைப் பெட்டியும் கம்பிச் சுருளும் பெரிய செலவு இல்லை. உங்கள் பேரன் கல்லூரிக்குப் போனதும் அதைச் செய்யட்டும். என் பெட்டிகளில் ஒன்றை நான் தருகிறேன்.

கேள்வி: செல்போன் டவர் வந்த பிறகு தேனீக்கள் வழி தவறிப் பெட்டி காலியாகிவிடுகிறது என்கிறார்கள். காந்தத் துகள்தான் காரணமா?
– வாசகி, கருங்கல்

பதில்: காந்தத் துகளை இதில் இழுக்க வேண்டாம். பூமியின் காந்தம் ஒரே பக்கமாக நிற்கும். டவரின் அலையோ நொடிக்குப் பல கோடி தடவை திசை மாறும். ஒரு துகளைத் திருப்ப அதற்கு அவகாசமே கிடையாது.

பெட்டி காலியாவதை நான் கண்ணால் பார்த்தவன். 1992, எங்கள் ஊரில் டவர் என்ற சொல்லே இல்லாத காலம். அப்பாவிடம் அறுபது பெட்டி இருந்தது. மூடியைத் திறந்தால் அறைகளில் புழுக்கள் மல்லாந்து, தலை மட்டும் வள்ளத்தின் முனைபோல் தூக்கிக்கொண்டு செத்துக் கிடந்தன. ஊசியால் ஒன்றை எடுத்தால் தண்ணீர் நிறைந்த சின்னப் பைபோல் தொங்கியது. தாய் (தாய்லாந்து) சாக் புரூட் என்ற வைரஸ் நோய் அது, தென்னிந்தியா முழுக்க அடுக்குத் தேனீயை வாரிக்கொண்டு போனது. அப்பாவுக்கு மிஞ்சியது மூன்று பெட்டி. அதனால், பெட்டி மெலிந்தால் முதலில் மூடியைத் திறந்து புழுவைப் பாருங்கள். வானத்தைப் பார்ப்பது அப்புறம்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு மாணவி. எங்கள் கடற்கரையில் கறுப்பு மணலில் காந்தத்தை வைத்தால் மணல் முள்போல ஒட்டிக்கொள்கிறது. எறும்பின் உடம்பிலும் இதே மணல் இருப்பதாக எங்கள் டீச்சர் சொன்னார்கள். இவ்வளவு பெரிய மணல் எறும்புக்குள் எப்படிப் போகும்?
– மணவாளக்குறிச்சி

பதில்: மக்களே, நல்ல கேள்வி. டீச்சர் சொன்னது பொருளைப் பற்றி, நீ கேட்பது அளவைப் பற்றி. இரண்டும் சரி.

உங்கள் கடற்கரையின் கறுப்பு மணலில் பெரும்பகுதி இல்மனைட் என்கிற தாது. சிவப்பாகத் தெரிவது கார்னெட். கையில் பிடிக்கும் காந்தத்துக்கு டக்கென்று பாய்ந்து வந்து ஒட்டுவது, அதில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் மேக்னடைட். இல்மனைட்டைப் பிரித்தெடுக்க ஆலையில் இருக்கும் வலுவான காந்தம் வேண்டும். (அடுத்த தடவை காந்தத்தை ஒரு பாலித்தீன் கவருக்குள் வைத்து மணலில் தொடு. கவரை உருவினால் மணல் தானாக உதிரும், இல்லாவிட்டால் காந்தத்திலிருந்து அதைச் சுரண்டி எடுக்க ஒரு நாள் ஆகும்.)

எறும்பின் உடம்பில் இருக்கிற துகள்களும் இரும்பு ஆக்சைடுதான், அவற்றில் மேக்னடைட்டும் உண்டு. ஆனால் உன் மணல் ஒன்றின் குறுக்கே அந்தத் துகளை இரண்டாயிரம் வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு சிறியது. சிறியதாக இருப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது. பெரிய மணலுக்குள் பல அறைகள், ஒவ்வொரு அறையின் காந்தமும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். நாற்பது பிள்ளைகளும் நாற்பது பக்கம் பார்த்தால் வகுப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல முடியுமா? 50 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகளுக்கு ஒரே அறைதான். முழுசும் ஒரு பக்கம் பார்க்கும், பார்த்தபடியே இருக்கும். நல்ல காந்த ஊசிக்கு வேண்டியது அதுதான். இன்னும் சிறிதாகி 20 நானோமீட்டருக்குக் கீழே போனால், வெப்பமே அதை உலுக்கித் திசையை மறக்கடித்துவிடும். இந்த அளவுக் கணக்கைச் சரியாகச் செய்து காட்டுவது ஒரு பாக்டீரியா. 1975-இல் ரிச்சர்ட் பிளேக்மோர் அதைப் பற்றி எழுதினார். சேற்றுத் தண்ணீரில் வாழும் அது, இந்த அளவுள்ள மேக்னடைட் மணிகளை உடலுக்குள் தானே உண்டாக்கி, மாலைபோல் கோத்து வைத்திருக்கிறது.

எறும்புக்கு வருவோம். பிரேசிலில் கரையானை மட்டுமே வேட்டையாடும் ஓர் எறும்பு உண்டு, பாக்கிகாண்டைலா மார்ஜினாட்டா என்று பெயர். கூட்டத்தோடு இடம் மாறும்போது, வறண்ட காலத்தில் அது போகிற தடம் காந்த வடக்கு தெற்குக் கோட்டிலிருந்து 13 டிகிரி சாய்ந்தே இருக்கிறது. அதன் உணர்கொம்பின் மூட்டில் இரும்பு ஆக்சைடுத் துகள்களைக் கண்டார்கள். கூடவே மண்ணில் இருக்கும் வேறு தாதுக்களும் இருந்தன. அதனால் எறும்பு மண்ணைத் தோண்டும்போது துகள்களை எடுத்துக்கொள்கிறது என்று நினைக்கிறார்கள்.

இதில் ஆய்வாளர்களுக்கு ஒரு பெரிய தலைவலி உண்டு. மேக்னடைட் எங்கே பார்த்தாலும் தூசியாகக் கிடக்கிறது. நீ கடற்கரையிலிருந்து வந்து ஓர் எறும்பைத் தொட்டால், உன் விரலில் இருந்த தூசியே எறும்பின் காந்தமாகிவிடும். அதனால் இரும்புக் கத்தியைத் தொடாமல் கண்ணாடிக் கத்தியால் அறுப்பார்கள், தூசி வடிகட்டிய அறையில் வேலை செய்வார்கள். அப்படியும் ஏமாறலாம். புறாவின் அலகில் காந்த உணர்வு நரம்பு இருக்கிறது என்று பல வருடம் பாடப்புத்தகம்வரை எழுதினார்கள். 2012-இல் பார்த்தால், அந்த இரும்புச் செல்கள் நரம்பே அல்ல, உடலில் கழிவைத் தின்று இரும்பை மறுபடி சேர்க்கும் சாதாரணச் செல்கள்!

கேள்வி: நான் முப்பது வருடம் கடலில் தொழில் செய்தவன். ஐப்பசி கார்த்திகையில், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்திலும் தும்பிகள் கூட்டமாய் வள்ளத்தில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். அதுகளிடமும் காம்பஸ் உண்டா?
– குளச்சல்

பதில்: ஐயா, நீங்கள் பார்த்தது அநேகமாக மஞ்சள் நிறத்துத் தும்பியாக இருக்கும். பாண்டலா ஃப்ளாவெசென்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். நல்ல தண்ணீர்க் குளமே அரிதான மாலத்தீவில் அக்டோபர் மாதம் இவை திடீரென்று வந்து நிறைவதை, அங்கே வாழ்ந்த கடலியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் வருடக்கணக்கில் குறித்து வைத்து 2009-இல் எழுதினார். இந்தியாவிலிருந்து கிளம்பி, வடகிழக்குக் காற்றில் உயரத்தில் மிதந்து, கிழக்கு ஆப்பிரிக்காவரை போகின்றன என்பது அவர் வந்த முடிவு. அதற்குத் துணை காற்று. காந்தம் துணை என்று யாரும் நிரூபிக்கவில்லை.

காந்தத்தால் போவது என்று உறுதியான இரவுப் பயணி ஒன்று உண்டு: ஆஸ்திரேலியாவின் போகாங் அந்துப்பூச்சி. ஆயிரம் கிலோமீட்டர்வரை இரவில் பறந்து, ஒரு தடவைகூடப் போயிராத மலைக்குகைகளுக்குப் போய்ச் சேர்கிறது. 2018-இல் சோதித்தபோது, கண்ணில் தெரியும் அடையாளமும் காந்தத் திசையும் ஒத்துப்போகும்வரை நேராகப் பறந்தது. இரண்டையும் முரண்பட வைத்ததும் சில நிமிடத்தில் தடுமாறியது. 2025-இல் அது நட்சத்திரத்தையும் பார்க்கிறது என்று தெரிந்தது. இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கரையில் மலையும் கோவில் கோபுரமும் ஒன்றுக்கு நேராக வருவதைப் பார்த்து, மீன் கூடும் கடலடிப் பாறையைக் கண்டவர் நீங்கள். மலை மறைந்தால் வெள்ளி, வெள்ளி மறைந்தால் காற்று, எதுவும் இல்லாத இருட்டில் காம்பஸ். பூச்சியும் ஒன்றை மட்டும் நம்பிப் போவதில்லை.

காம்பஸ் என்று நீங்கள் கேட்டதால், நம் ஊரைப் பற்றி ஒன்று. ஆசிரியராகச் சேர்ந்த வருடம், ஸ்வெட்டர் பின்னும் எஃகு ஊசி ஒன்றை நடுவில் பட்டுநூல் கட்டி, இம்மியும் சாயாமல் நிற்கும்படி சமன் செய்து, அதன்பிறகு காந்தம் தேய்த்து வகுப்பில் தொங்கவிட்டேன். வடமுனை கீழே சாயும் என்பது பாடம், படமும் அப்படித்தான். என் ஊசி வடக்கு தெற்காகத் திரும்பி, தண்ணீர்மட்டம் போல நேராக நின்றது. மறுபடி தேய்த்தேன், மறுபடியும் நேர். சில வருடம் கழித்து டெல்லியில் ஒரு பயிற்சிக்குப் போனபோது அதே ஊசியை, அதே நூலோடு கொண்டுபோனேன். தங்கியிருந்த அறையின் சன்னல் கொக்கியில் கட்டினேன். வடமுனை கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல நாற்பது டிகிரிக்கு மேல் சாய்ந்துவிட்டது. சென்னையில் சுமார் 14 டிகிரி. நம் ஊரில் சாய்வே இல்லை என்று சொல்லலாம், ஏனென்றால் பூமியின் காந்த நடுக்கோடு நம் பக்கமாகத்தான் போகிறது. 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட்டை ஏவத் தும்பாவைத் தேர்ந்ததும் இதனால்தான். அதற்கும் நூறு வருடம் முன்பே, இந்த மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜான் ஆலன் பிரவுன் திருவனந்தபுரத்திலும் 6,000 அடிக்கு மேலே அகத்தியர் மலை உச்சியிலும் காந்த ஊசிகளை வைத்து அளந்துகொண்டிருந்தார்.

இதற்கும் பூச்சிக்கும் என்ன சம்பந்தம் என்றால், காம்பஸில் இரண்டு வகை. உங்கள் வள்ளத்தில் இருந்தது வடக்கு எது, தெற்கு எது என்று பிரித்துச் சொல்லும். அமெரிக்காவின் மோனார்க் வண்ணத்துப்பூச்சியிடம் இருப்பது வேறு. காந்தக் கோடு எந்தப் பக்கம் பூமிக்குள் சாய்கிறது என்பதை மட்டும் அது பார்க்கிறது. 2014-இல் கண்டார்கள். அந்தப் பூச்சியை நம் குளச்சலில் கொண்டுவந்து விட்டால், சாய்வே இல்லாத இடத்தில் அதன் காம்பஸ் ஒன்றும் சொல்லாது. துகளை ஊசியாக வைத்திருக்கிற பூச்சிக்கு அந்தத் தொல்லை இல்லை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க நம் கரையைப்போல வசதியான இடம் உலகத்தில் அதிகம் இல்லை.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த ஊசியைக் கட்டிக் காட்டுங்கள். நூலை முதலில் சமன் செய்து, ஒரு துளி பசை வைத்து, பிறகுதான் காந்தம் தேய்க்க வேண்டும். பக்கத்தில் இரும்புக் கட்டில் இருக்கக் கூடாது.